வண்ணான் குறி

முதல் தடவை அவன் வந்தபோது மிளகு நாற்றம்.
சுமத்ராக் கரையில் ஏதோ ஊரைக் கொளுத்திவிட்டுப்
பினாங்கில் தண்ணீர் பிடிக்க நின்ற அமெரிக்கக் கப்பல்.
நாற்பது மூட்டை அழுக்கு சம்பானில் இறங்கியது.
வெள்ளாவி வைத்தேன். ஆவி எழுந்ததும்
துறையே தும்மியது:
நான், என் தம்பி, எதிர்க்கல்லில் துவைத்த குருவம்மா,
வண்டியில் பூட்டியிருந்த மாடுகூட.
கிடங்கு கிடங்காய் எரிந்த மிளகு
ஒரு பதினாறு வயதுப் பையனின்
படுக்கை விரிப்புவரை வந்து படுத்திருக்கிறது.

விரிப்பின் மூலையில், சேராங்கொட்டைப் பால் தொட்டு
என் குறியை வைத்தேன்.
மூன்று விரல் காக்கைக்கால், கீழே ஒரு புள்ளி.
மேலே சுண்ணாம்பு.
துணி கிழிந்தாலும் குறி போகாது.
பெயர் பெல்கிரேவ் என்றார் துபாஷி காதர் ஒலி.
என் நாக்குக்கு அது சிக்கவில்லை.
காக்கைக்கால் துரை என்று வைத்துக்கொண்டேன்.

பதினான்கு வருஷம்.
அதே விரிப்பு, ஒட்டுப்போட்டு.
இப்போது துரைக்கு ஒரு தோளில் மட்டும் தங்கக் குஞ்சம்.
விளிம்பு நெடுக வேறு வேறு கைகள்:
ஒரு மீன், ஒரு சீன எழுத்து,
ஒரு சிலுவை, குடித்துவிட்டு வரைந்ததுபோல் ஒரு வட்டம்.
மக்காவ், நேப்பிள்ஸ், லிமா, இன்னொன்று நினைவில்லை என்றாராம்.
நடுவில் ஓரிடம் குறியே இல்லை,
மஞ்சள் கறை மட்டும்.
அது காய்ச்சல் கண்டு கிடந்த துறைமுகம்.
அவர் அரசாங்கத்திடம் இருக்கும் ஏட்டில்
இவ்வளவு இருக்குமா தெரியாது.

இன்னுமா லெப்டினன்ட் என்று கேட்கச் சொன்னேன்.
மேலே இருக்கிறவன் சாகணும், அப்போதுதான் நகரலாம் என்று பதில்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் துறையிலும் நிழல் விழும் கல் அப்படித்தான் கைமாறும்.

மூன்றாம் தடவை நான் பார்த்திராத கொடி.
நீலக் கோட்டு சாம்பல் கோட்டாகியிருந்தது.
அவர்கள் தேசம் பாகப்பிரிவினையில் வெட்டிக்கொள்கிறதாம்.
"கேப்டனா?"
"ஒரு வருஷமாய்."
முப்பது வருஷம் பழைய வீடு தராததை
புது வீடு வாசலிலேயே தந்திருக்கிறது.
முகம் மட்டும் சரியாக உலராத துணி.

விரிப்பிலிருந்த பழைய கப்பற்படை எழுத்து இரண்டும் போகணும் என்றார்.
உவர்மண், எலுமிச்சை, வெயில்.
போயிற்று. அது கடை மை.
காக்கைக்காலை நான் தொடவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெள்ளைக்கார அரசு ஒரு நாள்தான் தங்கவிட்டது.
மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு
சுமத்ராக் காற்று மழையோடு இறங்கியது.
துணி உலரவில்லை. கப்பல் நிற்கவில்லை.
கூலி மூன்று வெள்ளி, அறுபது காசு.

ஏழாம் நாள் நீலக் கோட்டுக் கப்பல்.
மீசை அரும்பாத அதிகாரி ஒருவன்
பூட்ஸ் நனையத் துறைக்கே இறங்கினான்.
கொடியில் கிடந்ததைத் திருப்பினான்.
எழுத்திருந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி.
"யாருடையது இது?"

மூலையைப் பிடித்துக் காட்டினேன்.
"என்னுடையது."

காதர் ஒலி என்னை ஒருதரம் பார்த்தார்.
அப்படியே மொழிபெயர்த்தார்.

பொய்யில்லை. கூலி வராத துணி
வேறு யாருக்குச் சொந்தம்?
விரிப்பு இன்னும் பெட்டியில்தான்.
அடைமழைக் காலத்தில் பிரித்து உதறுவேன்.
எனக்குத் தும்மல் வரும்.
அது மிளகில்லை, வெறும் தூசி என்கிறாள்
அன்று எதிர்க்கல்லில் இருந்த குருவம்மா,
மூக்கைத் துடைத்துக்கொண்டே.